மெதுவாக ஓடிய பன்னிரண்டு எலிகள்

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். காய்கறிக்காரர் தராசைத் தூக்கினால் என் கண் காயில் இருக்காது, அவர் கட்டைவிரலில் இருக்கும். வீட்டுக்காரர் ஓ.டி. என்று சொல்லித் தாமதமாக வந்தால், சட்டையில் ஆயில் வாசனை இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் தட்டை எடுத்து வைப்பேன். "நீ போலீஸ்ல சேர வேண்டியவ, தப்பிப் பொறந்து எங்கிட்ட வந்து மாட்டிக்கினே" என்பார். அதைக் கேட்க எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

நான் வேலை பார்ப்பது ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், கார் பாகங்கள் செய்யும் இரண்டு கம்பெனிகளுக்கு நடுவே இருக்கிற ஒரு வெள்ளைக் கட்டடத்தில். வடக்குப்பட்டில் எங்கள் தெருவில் எல்லோருக்கும் அது மாத்திரைக் கம்பெனி. நானும் அப்படியே விட்டுவிட்டேன். எலிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிற இடம் என்று சொன்னால் ஆயிரம் கேள்வி வரும். எலிக்குச் சோறு போட்டுச் சம்பளம் வாங்குறியா என்று ஒரு சிரிப்பு வேறு வரும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று எங்கள் சார் இரண்டே கேள்விகள்தான் கேட்டார். சார் கால்நடை டாக்டருக்குப் படித்தவர், எலி அறைகள் எல்லாம் அவர் பொறுப்பு. எலி என்றால் பயமா என்றார். இல்லை என்றேன். வீட்டில் பூனை உண்டா என்றார். இல்லை என்றேன். அன்றைக்கு இரண்டும் உண்மை.

பூனை பிறகு வந்தது. வீட்டுக்காரர் கம்பெனியின் வண்டி நிறுத்தும் ஷெட்டில் கத்திக்கொண்டிருந்த வெள்ளைக் குட்டியை டிபன் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு வருஷத்தில் அது வீட்டுக்கே முதலாளி ஆகிவிட்டது. அதற்கென்று பழைய கம்பளி போட்டேன், அட்டைப் பெட்டி வைத்தேன், எதுவும் பிடிக்கவில்லை. நாற்காலியில் நான் மடித்துப் போடுகிற துப்பட்டாதான் வேண்டும். வேலைக்குப் போட்டுப் போகிற அந்தக் கருநீலத் துப்பட்டாவை விட்டால் அதற்குத் தூக்கமே வராது.

ஆபீசில் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? எலி அறைக்குள் போகும் முன்பு நான் தலைமுதல் கால்வரை மாற்றிக்கொள்கிறேன். கம்பெனி பேண்ட், கம்பெனி சட்டை, தொப்பி, மாஸ்க், உள்ளே போடும் செருப்பு. பூனை வீட்டில், எலி இங்கே, நடுவில் பத்து கிலோமீட்டர். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன்.

அந்த வருஷம் வந்தது ஓட்டப் பரிசோதனை. எலிகள் ஓடுவதற்கென்று ஒரு டிரெட்மில் உண்டு. ஆறு தடுப்புகள், தடுப்புக்கு ஒரு எலி. பெல்ட் சுற்றும், எலி ஓடும். ஓடாமல் நின்றால் பெல்ட் அதைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகும். பின்னால் கம்பிகள். அதில் பட்டால் லேசாக ஷாக் அடிக்கும். மூன்று கூட்டம் எலிகள், கூட்டத்துக்குப் பன்னிரண்டு. ஒரு கூட்டம் நிற்கிற மெஷினில் சும்மா உட்கார்ந்திருக்கும். ஒரு கூட்டம் மெதுவாக ஓடும். ஒரு கூட்டம் வேகமாக ஓடும்.

எதற்கு இது என்று கேட்டேன். சார் பொறுமையாகவே சொன்னார்.

"ஓட்டம்னா எல்லாம் ஒண்ணுதான்னு நினைக்கிறோம். மூளைக்கு அப்படி இல்லம்மா. மெதுவா ஓடுனா அது வெறும் வேலை. ஒரு அளவு தாண்டி வேகம் ஏறுச்சுன்னா, மூளை அதை ஆபத்துன்னு எடுத்துக்கும். உடம்பு ஸ்ட்ரெஸ் ஹார்மோனைத் திறந்து விட்டுடும். ரத்தத்துல பாக்கலாம். அப்புறம் மூளைய எடுத்துச் சீவிப் பாத்தா, எந்த இடம் முழிச்சுக்கிச்சுன்னும் தெரியும்."

எனக்கு நன்றாகவே புரிந்தது. காலையில் கம்பெனி வேனுக்கு நடந்து போவதும் ஓட்டம் மாதிரிதான், வேன் கிளம்பிவிட்டது என்று பதறி ஓடுவதும் ஓட்டம்தான். இரண்டாவதில் வேனில் ஏறி உட்கார்ந்த பிறகும் அரை மணி நேரத்துக்கு நெஞ்சு அடங்காது.

"ஆனா ஒண்ணு, ஓட்டத்தைத் தவிர வேற எதுவும் அதுங்கள மிரட்டக் கூடாது" என்றார் சார். "முதல் பத்து நாள் மெஷினுக்குப் பழக்கணும். அந்தப் பத்து நாள்ல பயந்துச்சுன்னா, அப்புறம் மெதுவா ஓடுனாலும் பயம்தான். எல்லாம் வீண்."

வேக ஓட்டம் என் பொறுப்பு, காலை பதினொன்றரைக்கு. மெது ஓட்டம் புதிதாக வந்த பெண் பொறுப்பு, ஒன்பதரைக்கு.

அந்தப் பெண் வாலாஜாபாத் பக்கத்துக் கிராமம். இருபத்து மூன்று வயது இருக்கும். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் கம்பெனியில் பாகம் பொருத்துகிற லைனில் நின்றவள். கான்ட்ராக்ட் முடிந்ததென்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு முன்பும் ஒரு கம்பெனியில் அதே கதை. எங்களிடம் மூன்று மாத ட்ரையல். எங்கள் கம்பெனியில் ட்ரையல் ஆளுக்கு அடையாள அட்டையை மாட்டக் கழுத்தில் ஆரஞ்சு நாடா, நிரந்தரமானவர்களுக்கு நீல நாடா.

"இந்த ஆரஞ்சு மட்டும் போச்சுன்னா போதும்க்கா" என்று முதல் நாளே சொன்னாள். "எங்க வூட்டுல மூணு வருஷமா இதையே பாத்துக்கினு கீறாங்க. எந்த கம்பெனி போனாலும் எனக்கு இதே கலர்தான்."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த இடத்துக்கு என் நாத்தனாரை எடுக்கச் சொல்லி நான் சாரிடம் இரண்டு தடவை வாயைத் திறந்திருந்தேன். அது நடக்காமல் எங்கிருந்தோ ஒருத்தி வந்து நின்றால், என் மூக்கு சும்மா இருக்குமா?

முதல் சந்தேகம், அவள் வேகம். ஒன்பதரைக்கு உள்ளே போனால் பத்தேகாலுக்குள் எலிகளைக் கூண்டில் விட்டு, மெஷினைத் துடைத்து, தரையைத் துடைத்து, வெளியே வந்து நிற்பாள். நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இருக்காது. ஆறு ஆறாக இரண்டு தடவை ஓட்ட வேண்டும், எனக்கே அத்தனை வருஷப் பழக்கத்தில் ஒரு மணி நேரம் பிடிக்கும். செல்போன் லைனில் டார்கெட் டார்கெட் என்று விரட்டி வளர்த்த பிள்ளை. மெஷினில் வேகத்தைத் திருகி வைத்துச் சீக்கிரம் முடிக்கிறாளோ என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் அது முட்டாள்தனம். எலி ஓட வேண்டியது இத்தனை நிமிஷம் என்றுதான் கணக்கு, இத்தனை தூரம் என்று இல்லை. வேகத்தைக் கூட்டி அவளுக்கு ஒரு நிமிஷமும் மிச்சமாகாது. சந்தேகம் பிடித்தவளுக்கு அந்த யோசனை எல்லாம் எங்கே வரும்?

இரண்டாவது சந்தேகம், நோட்டு. சட்டைப் பையில் கையளவு நோட்டு ஒன்று வைத்திருந்தாள். கம்பெனி கொடுத்த பதிவேடு தனியாக இருக்க, இதில் என்னவோ எழுதிக்கொண்டே இருப்பாள். நான் பக்கத்தில் போனால் மூடுவாள்.

"இன்னாம்மா எழுதுறே?"

"சும்மாக்கா. பழக்கம்."

சும்மா யாராவது எழுதுவார்களா? நான் டீ இடைவேளைக்குப் பத்து நிமிஷம் முன்பே போவதையும், மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி வைப்பதையும் எழுதுகிறாள் என்று முடிவே கட்டிவிட்டேன். ஒருநாள் சாப்பிடும்போது, "நீங்க இங்க எத்தினி வருஷமாக்கா? உங்கள யாரும் செக் பண்ணுவாங்களா?" என்று கேட்டாள். பாருங்கள் தைரியத்தை! எனக்குச் சுருக்கென்று ஏறியது.

நான் விடுவேனா? கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பினேன்.

மெஷின் இருக்கும் அறையில் சிவப்பு விளக்கு மட்டும்தான் எரியும். எலிக்கு அது இருட்டு மாதிரி. கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு, அதிலும் கறுப்புத் தாள் ஒட்டியிருக்கும். வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. பார்க்க வேண்டுமென்றால் கதவைத் திறந்துதான் ஆக வேண்டும். ஒன்பதரை மணிக்கு நான் தீவன ஸ்டோரில் இருப்பேன், சொந்த உடையில். உடை மாற்றுவது பதினொரு மணிக்கு. அதனால் என்ன, உள்ளேயா போகிறேன், வாசலில் நின்று ஒரு பார்வைதானே என்று சட்டென்று கதவைத் திறப்பேன்.

"ஸ்டாப் வாட்ச் இங்க இருக்கா?" என்பேன். இன்னொரு நாள், "சார் வந்தாரா?" என்பேன். பிறகொரு நாள் சாக்குக்கூடச் சொல்லவில்லை. வாசலைத் தாண்டி இரண்டடி உள்ளேயே போய் நின்றேன். அவள் திரும்பி என்னை நேராகப் பார்ப்பாள். பிறகு குனிந்து, சின்ன பிரஷ்ஷால் எலிகளை ஒவ்வொன்றாக முன்னால் தள்ளிவிடுவாள். என் கண் முழுக்க வேகம் திருகுகிற குமிழில், அவள் கை அங்கே போகிறதா என்பதில். எலிகளை நான் பார்க்கவே இல்லை. ஐந்தாறு தடவை போயும் அவள் கை ஒரு தடவைகூடக் குமிழுக்குப் போகவில்லை. கெட்டிக்காரி, நான் வருவதைத் தெரிந்துகொண்டு இறக்கி வைத்துவிடுகிறாள் என்று அதற்கும் ஒரு சந்தேகம்.

பத்து நாள் முடிந்து, பரிசோதனை ஓட்டமும் முடிந்து, வாலிலிருந்து ரத்தம் எடுத்து அனுப்பினோம். முடிவு வந்த அன்று சார் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்.

"சும்மா இருந்த கூட்டம் சரியா இருக்கு. உன் வேக ஓட்டக் கூட்டத்துக்கு ஹார்மோன் கூடியிருக்கு, அது நாம எதிர்பார்த்தது. மெது ஓட்டம் ஏம்மா இப்படி ஏறிக் கிடக்கு? சிலது உன் எலிங்களையே தாண்டுது."

இதற்காகத்தானே காத்திருந்தேன். "சார், நான் சொல்றேன்னு நினைக்காதீங்க. அந்தப் பொண்ணு வேகத்த ஏத்தி வச்சிருக்கும். எனக்கு முதல் நாள்லேருந்தே டவுட்டு" என்றேன்.

அது பழைய மெஷின். எந்த வேகத்தில் ஓடியது என்று எங்கேயும் பதிந்து வைக்காது. என் வாய்தான் சாட்சி. சார் பேனாவை மூடி வைத்தார். "சனிக்கிழமை அவளைக் கூப்பிட்டுக் கேக்கறேன். சரியான பதில் இல்லன்னா ட்ரையலை முடிச்சுக்க வேண்டியதுதான்" என்றார்.

வெளியே வந்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்ல இப்போது கூசுகிறது. அன்று சாயங்காலம் நாத்தனாருக்குப் போன் போட்டு, சர்ட்டிபிகேட் எல்லாம் எடுத்து வை என்றுகூடச் சொன்னேன்.

சனிக்கிழமை அந்தப் பெண்ணோடு என்னையும் உட்கார வைத்தார். நான் வேனிலிருந்து இறங்கியதும் நேராகப் போனதால் அதே சுடிதார், அதே துப்பட்டா.

"ஸ்பீடு ஏத்துனியா?"

"இல்ல சார்."

"அப்புறம் எப்படி இவ்வளவு ஏறும்?"

அவள் சட்டைப் பையிலிருந்து அந்த நோட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். டீயும் மாஸ்க்கும் இப்போது சந்திக்கு வரப்போகிறது என்று இறுகிப்போய் உட்கார்ந்திருந்தேன். சார் புரட்டி, சத்தமாகவே படித்தார்.

"மூணாம் நாள். ஒன்பது நாப்பத்திரண்டு. கதவு திறந்தது. ரெண்டு எலி நின்றது. ஒன்று கம்பியில் பட்டது. நாப்பத்தஞ்சுக்கு மறுபடி ஓடியது."

பக்கத்தைத் திருப்பினார். "அஞ்சாம் நாள். ஒன்பது நாப்பது. கதவு திறந்தது. நாலு எலி நின்றது. மூன்று கம்பியில் பட்டது." அடுத்த பக்கம். "எட்டாம் நாள். கதவு திறந்தது. ஆறும் நின்றது. பிரஷ்ஷால் தள்ளியும் ஓடவில்லை. கம்பிப் பக்கமே உட்கார்ந்துகொண்டது." கடைசியில் பரிசோதனை நாள். அன்றும் ஒன்பதே முக்காலுக்குக் கதவு.

டீ இல்லை. மாஸ்க் இல்லை. அந்த நோட்டில் என்னைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கதவு, கதவு, கதவு என்றே இருந்தது.

"இது என்ன நோட்டு?" என்றார் சார்.

"லைன்ல எழுதுவோம் சார். லைன் நின்னா எப்ப நின்னுச்சு, ஏன் நின்னுச்சு, எப்ப ஓடுச்சுன்னு. எழுதாம இருந்தா கை நமநமன்னு இருக்கும்."

"கதவை யார் திறந்தது?"

அவள் தரையைப் பார்த்தாள். "தெரியல சார். நான் எலியப் பாத்துக்கினு இருந்தேன்."

பொய். ஒவ்வொரு தடவையும் என் கண்ணைப் பார்த்தவள். ஏன் பொய் சொல்கிறாள்? எனக்கு அப்போதும் புத்தி அங்கேதான் போனது. இது ஏதோ பொறி, பிறகு பெரிதாக என்னை மாட்டிவிடப் பார்க்கிறாள் என்று.

சார் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெறும் கதவு வெளிச்சம்னா ரெண்டு நாள்ல பழகியிருக்கும். இது நாளுக்கு நாள் கூடுது. கதவோட வேற என்னமோ உள்ள வந்திருக்கு" என்றார்.

நான் குனிந்து என் மடியைப் பார்த்தேன். கருநீலத் துப்பட்டாவில் அங்கங்கே வெள்ளை முடி.

எலி பூனையைப் பார்க்கவே வேண்டாம், வாசனையே போதும். இந்த வேலையில் சேர்ந்தவர்களுக்கு முதலில் சொல்லிக் கொடுப்பதே அதுதான். அதற்காகத்தான் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். பழக வேண்டிய பத்து நாளில், சிவப்பு விளக்கில் பாவம் என்று ஓடிக்கொண்டிருந்த பிராணிகள் முன்னால், நான் பூனையைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு போய் நின்றிருக்கிறேன். பயந்து நின்றவற்றைப் பெல்ட் இழுத்துப் போய்க் கம்பியில் தள்ளியிருக்கிறது.

"கதவுக்கு உள்ள தாழ்ப்பா இருக்குல்ல? ஏன் போடல?" சார் குரல் ஏறியது. "அந்த நேரத்துல அந்த ரூம் உன் பொறுப்பு. ஒரு தடவை நடந்தா சரி. இத்தனை தடவை நடந்திருக்கு, நீ எங்கிட்ட வந்து சொல்லல. நோட்டுல எழுதி வச்சா ஆச்சா? ட்ரையலை இதோட முடிச்சுக்கலாம்மா. எனக்கு வேற வழி இல்ல."

அவள் அழவில்லை. கழுத்திலிருந்து ஆரஞ்சு நாடாவைக் கழற்றி, அட்டையோடு சேர்த்துச் சுற்றி, நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மூன்றாவது கம்பெனி. சுற்றி வைத்த விதத்தைப் பார்த்தாலே பழகிப்போன கை என்று தெரிந்தது.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். யாரும் கேட்கப் போவதில்லை. திங்கட்கிழமை நாத்தனார் வந்து சேர்ந்துவிடுவாள். பூனை வீட்டில் தூங்கும். எல்லாம் கச்சிதமாக இருந்தது. ஆனால் அந்த நாடாவிலிருந்து என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"சார், அந்தக் கதவு நான்தான்" என்றேன்.

சார் நிமிர்ந்தார்.

"அந்தப் பொண்ண வேவு பாக்கப் போனேன். ஒவ்வொரு தடவையும் நான்தான். இதே துப்பட்டாவோட. வூட்டுல பூனை கீது சார். ஒரு வருஷமா கீது. நான் சொல்லல."

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சார் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. அந்தப் பெண்ணின் நாடாவை அவள் பக்கம் தள்ளி வைத்தார். "நீயும் சொல்லியிருக்கணும்" என்று அவளிடம் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். எனக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை வந்தது. ஆறு மாதத்துக்கு எலி அறைப் பக்கமே வரக் கூடாது, கூண்டு கழுவுகிற வேலை மட்டும். வேலை போகாததே பெரிய விஷயம்.

அந்தப் பன்னிரண்டு எலிகளையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்தத் தடை தொடங்கும் முன்பு அவற்றை வாயு கொடுத்துக் கொன்றதும் நானும் சாரும்தான். எப்படியும் அவை சாகப் பிறந்தவை, மூளையை எடுக்கத்தான் வளர்த்தோம், அது எனக்குத் தெரியும். ஆனால் மற்ற எலிகள் எதற்காகவோ செத்தன. இவை என் சந்தேகத்துக்குச் செத்தன. கூண்டுகளைக் கழுவும்போது பிழியப் பிழிய அழுதேன்.

புதிதாகப் பன்னிரண்டு எலிகள் வந்தன. அதே பெண்தான் ஓட்டினாள், கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. முடிவு வந்தது. மெதுவாக ஓடிய எலிகளின் ரத்தம், சும்மா உட்கார்ந்திருந்த எலிகளின் ரத்தத்தை ஒட்டியே இருந்தது. சார் சொன்ன மாதிரி மூளைக்கு அது வெறும் வேலைதான். நான் கதவைத் திறக்க ஆரம்பிக்கும் முன்பு அவள் அவ்வளவு சீக்கிரம் முடித்துவிட்டு வந்ததும் அதனால்தான். மிரளாத எலி மல்லுக்கட்டாது, கையில் எடுத்தால் வரும், விட்டால் போகும். என் எலிகளை நான் பிடித்து அடைக்கவே கால் மணி நேரம் ஆகும்.

அவளுக்கு நீல நாடா வந்த அன்று கழுவுகிற இடத்துக்கு வந்து காட்டினாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு, இத்தனை நாளாகத் தொண்டையில் நின்ற கேள்வியைக் கேட்டேன்.

"நான்தான்னு தெரிஞ்சும் ஏம்மா கதவுன்னு எழுதுனே? சார் கேட்டப்பகூட சொல்லல. வேலையே போயிருக்குமே!"

"லைன்ல எங்க லீடர் சொல்லுவாங்கக்கா. ஏன் நின்னுச்சுன்னு எழுது, யாருன்னு எழுதாத. யாருன்னு எழுதுனா அடுத்த தபா எவனும் உண்மைய சொல்ல மாட்டான்னு."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஈரக் கூண்டுகளையே பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"எம்மேல கோவமே வரலையா உனக்கு?"

"வந்துச்சுக்கா. ரொம்ப வந்துச்சு" என்றாள். "அத நோட்டுல எழுதல."

மணி ஒன்பது இருபத்தைந்து. அவள் போய் மெஷின் அறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.